கொஸ்லந்தை பஸ் கிளம்பாத சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் என் வீட்டுக்காரர் குளித்து, பழைய காக்கிச் சட்டையைப் போட்டு, தலையை அழுந்த வாரிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு மணி பஸ்ஸில் கொண்டக்டர் வருகிறார். அவர் வந்ததும் வண்டியை எடுக்க வேண்டும்.

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வையி புள்ள. இஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும்," என்றார்.

லெப்டொப்பில் ஓடுகிற பஸ்ஸுக்கு என்ன சூடு? ஆனாலும் மௌஸைப் பிடித்து இரண்டு தரம் தட்டினேன். திரை கறுத்தது. வழக்கமாக அடுத்ததாகப் பாட்டு வரும். அன்று வரவில்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அதற்குள் ஒரு சிவப்பு வட்டமும் இரண்டு வரி இங்கிலீஷும் இருந்தன. பெட்டியை மூடினேன். கேமும் சேர்ந்து மூடிக்கொண்டது.

திரும்பவும் தட்டினேன். அதே பெட்டிதான் வந்தது. மூன்றாம் தரமும் அப்படியே.

"என்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இருங்க," என்றேன். 

என் வீட்டுக்காரர் பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை, பெரகல, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய வரைக்கும் பஸ் ஓட்டியவர். இளவயதில் தோட்டத்து லொறியில் ஏறியவர், அறுபது தாண்டியும் ஸ்டியரிங்கை விடவில்லை. பிறகு சீனி வருத்தம் வந்து வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருசம் அந்த மனிதர் வீட்டில் பேசியதைக் கைவிரலால் எண்ணிவிடலாம். வீட்டுக்கு முன்னால் பூனாகலை ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

எங்கள் மகன் கொழும்பில் கட்டடங்களுக்குக் கரண்ட் வேலை செய்கிறான். போன தீபாவளிக்கு வரும்போது பழைய லெப்டொப் ஒன்றையும், மேசையில் பூட்டுகிற ஸ்டியரிங் ஒன்றையும் கொண்டுவந்தான். காலால் மிதிக்க வேண்டியதையெல்லாம் அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற இரண்டு தகடுகளை விரலால் இழுத்துச் செய்யலாம். பஸ் ஓட்டுகிற கேம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தான். முதலில் அதில் இருந்தது வெளிநாட்டு ரோடு. என் வீட்டுக்காரர் பத்து நிமிசம் ஓட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"இது என்னடா ரோடு, வழிச்சு வுட்ட மாதிரி. ஒரு வளைவு இல்ல, ஒரு மாடு இல்ல. தூக்கம்தான் வருது."

பிறகு மகன் எங்கேயோ தேடி மோட் என்பதைக் கொண்டுவந்தான். கேமைச் செய்தவர்கள் செய்யாததை, விளையாடுகிறவர்கள் செய்து அதோடு சேர்த்து வைக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் மோட். யாரோ ஒரு புண்ணியவான் நம்முடைய ரோட்டையே செய்து வைத்திருக்கிறான். ஹப்புத்தளை ரயில் கேட், பெரகலச் சந்தி, கொஸ்லந்தை வளைவுகள், தியலும அருவி எல்லாம் இருக்கின்றன. இன்னொருவன் நம்முடைய பஸ்களைச் செய்திருக்கிறான். வேறொருவன் ரோட்டில் படுத்திருக்கிற நாய்களைக்கூடச் செய்திருக்கிறான். அந்த ரோடு திரையில் வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர், "இந்தா பாரு, இந்தா பாரு, இந்த வளைவுலதான்..." என்று தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை.

ஆனால் அவர் ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். சாரதி சாரதி வேலையைத்தான் செய்வாராம். கேமைத் திறப்பது, வண்டியைத் தெரிவு செய்வது, முன்பலகையில் ஊர்ப் பெயரை மாற்றுவது, மோட்டை எடுப்பது, போடுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், சேர்த்துப் படித்தால் அர்த்தம் தெரியாது. அதனால் சொற்களின் வடிவத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். கொழுந்து பறிக்கிறவள் எந்த இலை இளசு, எந்த இலை முற்றல் என்று எழுத்துக் கூட்டியா பார்க்கிறாள்?

கொண்டக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெரகலப் பக்கத்துச் சிங்களவர். என் வீட்டுக்காரரோடு இருபது வருசத்துக்கு மேல் ஒரே வண்டியில் வேலை செய்தவர். இவர் அவரை 'மல்லி' என்று தம்பி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அடுத்த கிழமை அவர் பொலன்னறுவையில் இருக்கிற மகள் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறார். போனில் அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், "போறதுக்கு முந்தி வந்து ஒரு ட்ரிப் அடிச்சிட்டுப் போ மல்லி," என்றார். அவர் சிரித்தார். "காலில்லாம பஸ் ஓட்டுறீங்களா அண்ணே? கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்," என்றார். அன்றிலிருந்து இவர் தினமும் ஒத்திகை பார்த்தார். பெரகல இறக்கத்தில் எந்த கியர், கொஸ்லந்தைக் கடைகளுக்கு முன்னால் எங்கே நிறுத்துவது என்று எனக்கே பாடமாகிவிட்டது. கொண்டக்டர் நாலு மணி பஸ்ஸில் திரும்பிப் போகவேண்டும். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அந்த ஒரு பகல்தான் இருந்தது.

அந்தப் பகலில்தான் இந்தச் சிவப்பு வட்டம் வந்தது.

மகனுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. வேலைக்கு ஏறினால் போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவான். என் போனில் எழுத்தைக் காட்டினால் தமிழில் சொல்கிற வசதி இருக்கிறது. அதைப் பெட்டிக்கு நேரே பிடித்தேன். 'மரணப் பிழை. தொடங்க இயலாது' என்று வந்தது. அதைச் சத்தமாக வாசித்தது பிழையாகப் போயிற்று.

"மரணமா? யாரு மண்டையப் போட்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"யாரும் போகல்ல. அது அப்பிடித்தான் சொல்லும்."

"நேத்து நல்லாத்தானே ஓடிச்சு. நீ என்னமும் நோண்டினியா?"

 முதல் நாள் வெள்ளிக்கிழமை, அவர் பகல் தூக்கத்தில் இருந்தபோது, மகன் அனுப்பிய மூன்று புது மோட்களைப் போட்டிருந்தேன். ஒன்று எங்கள் பழைய வண்டியின் நிறம், நீலத்தில் சிவப்புக் கோடு. இன்னொன்று ஏறி இறங்குகிற ஆட்கள். மற்றது ஹப்புத்தளைப் பனி. கொண்டக்டர் வந்ததும் திரையில் அந்த நீல வண்டி நிற்க வேண்டும், இரண்டு பேரும் அதைப் பார்த்து வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. போட்டபின் ஓட்டிப் பார்க்கவில்லை. அதுதான் என் பிழை என்று நினைத்தேன்.

தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போன காலத்தில் தினம் காலையில் பெரட்டுக் களத்தில் எங்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். பெயருக்கு ஆள் முன்னால் வர வேண்டும். யார் வந்திருக்கிறாள், யார் வரவில்லை, யார் வேறொருத்தியின் பெயருக்கு நிற்கிறாள் என்பதெல்லாம் அந்த இடத்தில் வெளியாகிவிடும். மோட்களையும் அப்படித்தான் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் களத்துக்கு வெளியே எடுத்து வேறொரு இடத்தில் வைத்தேன். பதினாலு இருந்தன. ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிட்டு, எது வரும்போது வண்டி மக்கர் பண்ணுகிறது என்று பார்க்கலாம். முதலில் ஒரு மோட்டும் இல்லாமல் கேமைத் திறந்தேன்.

சிவப்பு வட்டம் வந்தது.

 ஆளே இல்லாத மலையில் யார் பெயரைக் கூப்பிடுவது? மோட் மேல் குற்றம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் குற்றம் எங்கே என்று தெரியவில்லை. லெப்டொப்பை நிறுத்தி, திரும்பப் போட்டு, அதுவும் பார்த்தேன். அதற்குள் ரோட்டில் பன்னிரண்டு மணி பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

கொண்டக்டர் ஒரு கையில் குடையும் மற்றக் கையில் கித்துல் மரத்துப் பாணிப் போத்தலுமாகப் படியேறி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அதேதான்.

"ஐயோ அண்ணே, யூனிபோமெல்லாம் போட்டிருக்கீங்க! டிக்கட் புக் நான் கொண்டு வரல்லியே!"

என் வீட்டுக்காரர் சிரிக்க முயன்றார். "வா மல்லி, உக்காரு. ட்ரிப் கொஞ்சம் லேட்டாகும். கரண்ட் இல்ல."

தலைக்கு மேல் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கொண்டக்டர் பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இருக்கிற கரண்ட இல்லன்னு சொல்ற சாரதிய இன்னைக்குத்தான் பாக்கிறேன்," என்றார். "வண்டி ஸ்டார்ட் ஆகல்லன்னு சொல்லுங்களேன். எத்தன நாள் நானும் நீங்களும் நடு ரோட்டுல நின்னிருக்கோம். தள்ளணுமா? நான் தள்ளுறேன்."

என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அந்தத் திரும்பலை நான் இரண்டு வருசம் பார்த்தவள். தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் இன்றைக்கு வண்டி எடுக்காவிட்டால் நாளைக்கும் எடுக்கமாட்டார், அதற்கடுத்த நாளும் எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கொண்டக்டர்தான் பேசினார். இவர் 'ம்' கொட்டினார். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டு மறுபடி லெப்டொப்பின் முன்னால் போய் உட்கார்ந்தேன். வேறு ஆட்கள் முன்னிலையில் நான் அதைத் தொட்டதே கிடையாது. 

மகன் ஒருமுறை சொல்லியிருந்தான்: "கேம் செத்துப் போனாலும் சாகுறதுக்கு முந்தி எல்லாத்தையும் எழுதி வச்சிட்டுத்தான் சாகும்மா. கடைசி வரிகளப் பாருங்க. அங்கதான் குத்தம் இருக்கும்." அந்தக் குறிப்பைத் தேடித் திறந்தேன். பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து. கடைசிக்குப் போனேன். ஒரே மாதிரியான வரி பத்துத் தரம் இருந்தது. கேம் எந்த இடத்தில் எதைத் தேடிப் போனது என்ற விலாசம் அது. நான் தினமும் திறக்கிற போல்டர் பெட்டிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. BUS என்கிற மூன்று எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கேம் இருக்கிற பெட்டியின் பெயர் அதுதான்.

அந்த BUS-க்கு முன்னால் ஒரு கேள்விக்குறி நின்றது.

விரலை வைத்து மேலே மேலே பார்த்தேன். பத்து வரியிலும் அதே இடத்தில் கேள்விக்குறி. போனைப் பிடித்தேன். 'கோப்புறை கண்டுபிடிக்க முடியவில்லை' என்றது. வாசலில் நிற்கிறது, பெயர் தெரியாமல் முழிக்கிறது. கேள்விக்குறி இருக்கிற இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.  முதல் நாள் நான் செய்தது மூன்று வேலை இல்லை, நாலு. நாலாவதை நான் வேலையாகவே எண்ணவில்லை. புது மோட் எல்லாம் போட்டு முடித்தபின், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, நல்லபடியாக ஓடட்டும் என்று அந்தப் பெட்டியின் பெயருக்கு முன்னால் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். கடைச் சாமான் எழுதுகிற துண்டிலும் உ போடாமல் நான் எழுதுவதில்லை. மகன் லெப்டொப்பில் தமிழ் எழுத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். கை தானாகப் போய்விட்டது.

"ஏங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "நான்தான்."

"என்னா நான்தான்?"

"பிள்ளையார் சுழி போட்டேன். அந்தக் கேமுக்கு நம்ம எழுத்து தெரியாது போல. வாசல் பேரு வெளங்காம நிக்குது."

 என் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். காலை பத்து மணிக்குப் பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு.

"கேட்டியா மல்லி! பிள்ளையாரு பஸ்ஸ மறிச்சிட்டாரு!"

"அவருக்கு சீட்டு குடுத்தீங்களா அக்கா? நின்னுக்கிட்டே போகச் சொன்னா கோவம் வரும்தானே," என்றார் கொண்டக்டர்.

அழிக்கவேண்டியதுதான். ஆனால் என் விரல் போகவில்லை. போட்ட சுழியை யாராவது அழிப்பார்களா? பிழையாக எழுதினால் வேறு துண்டு எடுப்போம், சுழியைக் கிறுக்கமாட்டோம். அதுவும் ஒரு கால் போன வீட்டில். இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்றே முக்கால்.

கொண்டக்டர்தான் சொன்னார்: "அக்கா, நம்ம வண்டியில சாமிப் படம் எங்க இருந்திச்சி? சாரதிக்கு முன்னால, கண்ணாடிக்கு மேல. புத்தரும் பிள்ளையாரும் பக்கத்துல பக்கத்துல. இஞ்சினுக்குள்ள வச்சோமா? இஞ்சினுக்குள்ள வச்சா அவருக்கும் சூடு, நமக்கும் வண்டி ஓடாது."

அது எனக்குச் சரியாகப் பட்டது. மஞ்சளைக் குழைத்து ஒரு துண்டுக் காகிதத்தில் உ எழுதி, திரைக்கு மேலே ஒட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு பெட்டியின் பெயரிலிருந்த சுழியை எடுத்தேன். எடுத்தேன் என்றுதான் சொல்வேன், இடம் மாற்றியதுதானே.

இரண்டு தரம் தட்டினேன். திரை கறுத்தது. 

பாட்டு வந்தது.

கொண்டக்டர் கை தட்டினார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, "பொறு பொறு, இது அந்த வெள்ளக்காரன் ரோடு," என்றார். ஆமாம், மோட் எல்லாம் வெளியே நின்றன. பெரட்டுக் கூப்பிட்டேன். முதலில் ரோடு. ரோடு இல்லாமல் நாயும் ஆட்களும் எங்கே நிற்பார்கள்? பிறகு வண்டிகள், பிறகு நாய்கள். புது மூன்றையும் கடைசியில் ஒவ்வொன்றாக விட்டேன். ஒவ்வொன்றுக்கும் திறந்து பார்த்தேன், ஒவ்வொன்றும் வந்தது. அதில் முக்கால் மணித்தியாலம் போயிற்று. இரண்டு பேரும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இருந்தார்கள். கொண்டக்டர் மட்டும் ஒவ்வொரு தரமும் "ஹரி, ஹரி," என்று, சிங்களத்தில் 'சரி, சரி' என்று வண்டிக்குச் சைகை காட்டுவதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஹப்புத்தளை பஸ் தரிப்பிடம் வந்தது. பனி மூட்டத்துக்கு நடுவில் நீலத்தில் சிவப்புக் கோடு போட்ட வண்டி ஒன்று நின்றது.

நான் எதிர்பார்த்ததைப் போல அவர்கள் வாயைத் திறக்கவில்லை.  கொண்டக்டர் கதிரையிலிருந்து எழுந்து, மேசைக்கு இடது பக்கம் போய், அலுமாரியின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்நாள் முழுக்க நின்ற இடம். பிறகு வீடு அதிர, "பெரகல, கொஸ்லந்தை, வெல்லவாய! பின்னால இடம் இருக்கு, யமு யமு, போவோம் போவோம்!" என்றார்.

வண்டி கிளம்பியது.

பெரகல இறக்கத்தில் என் வீட்டுக்காரர் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தார். எதிரே வந்த லொறிக்கு இடம் விட்டு ஓரங்கட்டினார். கொண்டக்டர் அலுமாரியோடு சேர்ந்து சாய்ந்தார், நிமிர்ந்தார். ஒரு வளைவில் உண்மையாகவே இரண்டடி நகர்ந்து என் மேல் விழப் பார்த்தார்.

"மெதுவா அண்ணே! அக்காவும் வண்டியில இருக்கு!"

"ஒனக்கு பயம்னா எறங்கி நட!"

"காசு வாங்காத ஒரே ட்ரிப்பு இதுதான். எறங்கமாட்டேன்."

கொஸ்லந்தைக்கு முன்னால், மீரியபெத்த மலை தெரிகிற இடம் வந்தது. ரோட்டைச் செய்த புண்ணியவான் அந்த மலையை முழுசாகப் பச்சையாக வைத்திருந்தான். அவனுக்குத் தெரியாதோ, தெரிந்துதான் அப்படி வைத்தானோ. அந்த மலை சரிந்து மண்ணுக்குள் போன லயத்து வீடுகளின் ஆட்கள் எத்தனையோ பேர் இவர் வண்டியில் ஏறி இறங்கியவர்கள். இவர் வேகத்தைக் குறைத்தார். கொண்டக்டர் கூவுவதை நிறுத்தினார். மலை கடந்து போகும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். பிறகு சந்தியில் ஆட்கள் ஏறினார்கள், கொண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும் தொடங்கினார்.

எனக்கு அப்போதுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது. நாலு மணிக்கு ஐந்து நிமிசம் இருந்தது. மேல் வளைவில் உண்மையான பஸ் இறங்கி வருகிற இரைச்சல் கேட்டது. என்னைத் தவிர யாருக்கும் அது கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் அப்போது, "மல்லி, அந்தக் கர்ப்பிணிப் புள்ளைக்கு முன் சீட்டு குடு," என்றார். திரையில் ஒரு பொம்மைப் பெண் ஏறியிருந்தாள். கொண்டக்டர் உடனே, "மாத்தயா, கொஞ்சம் எழும்புங்க, எழும்புங்க," என்று காற்றில் யாரையோ எழுப்பினார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். வெளியே பஸ் நின்றது, ஹோர்ன் அடித்தது, கொஞ்சம் பொறுத்துப் போயிற்று.

தியலும அருவிக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோதுதான் கொண்டக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அக்கா, மணி என்னா?"

"நாலே கால்."

"ஐயோ, பஸ்!"

என் வீட்டுக்காரர் கதிரையில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்கே ஆடியது. "இருவது வருசம் கொண்டக்டரு! வீட்டு வாசல்ல வந்து நின்ன பஸ்ஸ வுட்டுட்டு நிக்கிறான் பாரு!"

"அக்காவுக்கு ஹோர்ன் சத்தம் கேக்கல்லியா?"

"கேட்டிச்சு," என்றேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையைச் சரிசெய்தேன். கொண்டக்டர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்து வீட்டுக்குச் சிங்களத்தில் என்னவோ சொன்னார். அதில் 'நாளைக்கு' என்றது மட்டும் எனக்கு விளங்கியது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அலுமாரிப் பக்கம் போய் நின்றார்.

"அப்ப என்ன அண்ணே, வெல்லவாய வரைக்கும் அடிங்க."

நான் அவர்களுக்கு வழியை வெல்லவாய வரைக்கும் நீட்டிக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒரு சுண்டு அரிசி களையப் போனேன்.